நீல மூக்கு ஜோடி

தொப்பம்பட்டி
20-1-1986

அன்புள்ள அண்ணனுக்கு அறிவு எழுதுறது.

பொங்கல் சீர் வந்து சேந்துச்சு. கரும்பு, வெல்லம், சேலை எல்லாத்தையும் அம்மா ஒத்தையா சுமந்து வந்து இறக்கிட்டு மறுநாளே பஸ் ஏறிட்டாக. நீ வருவேன்னு பாத்தேன். கல்யாணமாகி ஒண்ணரை வருசம் ஓடிப்போச்சு. இன்னும் நீ என் வீட்டு வாசலை மிதிக்கலை. கேட்டா மைக் செட் வேலைங்கிறே. திண்டுக்கல்லுல நடக்குற அம்புட்டு கல்யாணத்துக்கும் நீதான் பாட்டுப் போடணுமா? சுத்துப்பட்டுல வேற மைக் செட்டே இல்லையா?

சரி, விசயத்துக்கு வாரேன். நீ என் கல்யாணத்துக்குக் குடுத்த லவ் பேர்ட்ஸ் பத்தித்தான்.

பச்சைக்கு ராசுன்னும் நீலத்துக்கு நீலான்னும் பேரு வச்சிருக்கேன். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. காலையில கூண்டு மேல போட்ட துணியை எடுக்க வேண்டியதுதான், மூக்கோட மூக்கைத் தட்டி, தலையை மேலயும் கீழயும் ஆட்டி, தின்னதைக் கக்கி ஊட்டி விட்டுக்கிட்டு, பாக்குறவங்களுக்கே வெக்கமா இருக்கும். அப்படி ஒரு ஒட்டு. ஆனா முட்டை மட்டும் வைக்க மாட்டேங்குது.

நீ சொன்னபடி ஓட்டை போட்ட சட்டியைக் கூண்டுக்குள்ள கட்டித் தொங்கவிட்டு ஒரு வருசம் ஆச்சு. ரெண்டும் அதுக்குள்ள எட்டிக்கூடப் பாக்கலை. பக்கத்து வீட்டு யுவராணி பழனியில ஒரு ஜோடி வாங்கியாந்தா. மூணே மாசத்துல அஞ்சு குஞ்சு. எங்க அத்தை அதைப் பாத்துட்டு வந்து என் கூண்டு முன்னாடி நின்னு, "கொண்டாந்தவளாட்டமே இருக்குது கொண்டாந்த குருவியும்"னு சொன்னாங்க. சத்தமா இல்லை. அவங்க எதையுமே சத்தமாச் சொல்ல மாட்டாங்க. அதான் இன்னும் வலிக்குது. நான் உள்ள போய் வெஞ்சனம் தாளிச்சேன்.

உன் மாப்பிள்ளை, அவுகளும் ஒண்ணும் சொல்றதில்லை. எதைக் கேட்டாலும் "விடு அறிவு"ங்கிறாக. எதை விட?

குருவி விசயத்துல நீதான் பெரிய டாக்டராச்சே. முட்டை வைக்க என்ன செய்யணும்னு விவரமா எழுது. இன்லண்டு லெட்டரை நல்லாப் பசை போட்டு ஒட்டு. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, ஆனா பிரிஞ்சு கிடந்தா யுவராணிகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லிருவாங்க.

உன் தங்கச்சி
அறிவுச்செல்வி

* * *

திண்டுக்கல்
27-1-1986

தாயி அறிவு,

கடுதாசி கிடைச்சுச்சு. அடக் கிறுக்கு, ஒரு முட்டைக்கா இம்புட்டு அழுகை? அண்ணன் இருக்கேன்ல?

நல்லாக் கேட்டுக்கோ. குருவிக்குக் கடல் நுரை வாங்கிக் கூண்டுல சொருகு, சுண்ணாம்புச் சத்து வேணும். தினை மட்டும் போட்டா பத்தாது, மல்லித்தழை, முருங்கைக்கீரை குடு. கூண்டை அடுப்படிப் பக்கம் மாட்டாதே, தாளிக்கிற புகை ஆகாது. ஆளுக நடமாடுற வழியிலயும் வேண்டாம். சும்மா சும்மா போய்ச் சட்டிக்குள்ள கையை விட்டுப் பாத்தா எந்தக் குருவிதான் முட்டை வைக்கும்? உங்க அத்தையை அந்தப் பக்கமே போகாமப் பாத்துக்கோ, பாதி வைத்தியம் அதுலயே முடிஞ்சிரும்!

குருவிக்கு வாய் கிடையாது, உடம்புதான் பேச்சு. ஒத்தைக் கால்ல நின்னு மூக்கை நறநறன்னு அரைச்சா நிம்மதியா இருக்குன்னு அர்த்தம். இறக்கையை இறுக்கி ஒட்டிக்கிட்டுக் குச்சி மாதிரி விறைச்சு நின்னா பயம். பயப்படுற குருவியைக் கையில பிடிக்காதே. பட்டப்பகல்ல உப்பிக்கிட்டு, வாலு மட்டும் மேலயும் கீழயும் ஆடிச்சுன்னா நோவு. அதைப் பாத்துட்டு, ஆகா குருவி கொழுகொழுன்னு இருக்கேன்னு சந்தோசப்பட்டுறாதே. குருவி நோவை மறைக்கும் அறிவு. நோவு வந்ததைக் காட்டினா மத்தது கொத்தி விரட்டிரும்னு அதுக்குப் பயம். கடைசி நிமிசம் வரைக்கும் நல்லாருக்குற மாதிரியே நிக்கும். இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ராசுவும் நீலாவும் ஊட்டிக்கிட்டு இருக்குன்னு எழுதிருக்கே. அப்புறம் என்ன? நல்ல ஜோடின்னுதானே அர்த்தம். காலம் வரணும். மனுசருக்கும் அப்படித்தான்.

நான் சித்திரைக்குள்ள வாரேன். மாப்பிள்ளை தங்கமுத்துவைக் கேட்டதாச் சொல்லு.

அண்ணன்
முத்துக்கிருஷ்ணன்

* * *

தொப்பம்பட்டி
6-3-1986

அண்ணனுக்கு,

கடல் நுரை வாங்கி வச்சேன். முருங்கைக்கீரை குடுத்தேன். கூண்டை அடுப்படியில இருந்து எடுத்து ஓரமா முன் ரூம்புல மாட்டினேன். ஒண்ணும் நடக்கலை.

நீ எழுதுனதுல இருந்து வேலை முடிஞ்சதும் கூண்டு முன்னாடி உக்காந்து செத்த நேரம் பாக்குறது பழக்கமாப் போச்சு. நீலா என் விரல்ல வந்து உக்காருது. கண்ணு கறுப்பு சுருங்கிச் சுருங்கி விரியுது, அப்ப ஒரே குஷி அதுக்கு. கூண்டுல கட்டுன மணியை டொக்கு டொக்குன்னு தட்டிட்டு, அந்த மணிக்கே ஊட்டப் பாக்குது. மணிக்கு எப்படி வாய் இருக்கும், லூசு. ராசு அதைப் பாத்து ஓரமா வந்து இடிச்சுக்கிட்டு நிக்கும். இந்த வீட்டுல எனக்கு முகம் குடுத்துப் பேசுற ஆளுக இதுக ரெண்டும்தான்.

இப்ப ஒரு சந்தேகம். யுவராணி வீட்டுக் குருவியை நின்னு பாத்தேன். ஒண்ணுக்கு மூக்குக்கு மேல இருக்குற சதை நீலமா இருக்கு. இன்னொண்ணுக்குக் காஞ்ச தோலு மாதிரி பழுப்பா இருக்கு. பழுப்பு மூக்குதான் சட்டிக்குள்ள போய் உக்காருது, காகிதத்தைக் கடிச்சுக் குதறுது, யாரு கையை விட்டாலும் கொத்துது. நம்ம ராசுக்கும் நீல மூக்கு, நீலாவுக்கும் நீல மூக்கு. ஏண்ணே அப்படி?

இதைச் சிரிச்சுக்கிட்டுக் கேக்கலை. அத்தை என்னைப் பழனிக்குக் கூட்டிப் போனாங்க, ஒட்டன்சத்திரத்துல ஒரு டாக்டரம்மாகிட்டயும் காமிச்சாங்க. என்கிட்ட ஒரு குறையும் இல்லைன்னு அந்தம்மா எழுதியே குடுத்துட்டாங்க. அத்தை அந்தச் சீட்டை மடிச்சு மஞ்சப் பைக்குள்ள வச்சுட்டு, "சீட்டுல எழுதுனா ஆச்சா"ங்கிறாங்க. அவங்க தம்பி மக தாராபுரத்துப் பக்கம் இருக்காளாம். அவ பேரு இந்த வீட்டுல அடிக்கடி அடிபடுது. நான் ரூம்புக்குள்ள நுழைஞ்சா பேச்சு நின்னு போகுது.

மூக்கு விசயம் என்னன்னு எழுது. ஒளிக்காம எழுது.

அறிவு

* * *

திண்டுக்கல்
12-3-1986

தாயி அறிவு,

மூக்கு நிறத்தைப் போட்டு மனசைக் குழப்பிக்காதே. அது வயசைப் பொறுத்து மாறும். தீவனத்தைப் பொறுத்தும் மாறும். யுவராணி வாங்குனது வேற சாதி. நம்மது நல்ல சாதி.

எனக்கென்னமோ நீலாவுக்கு உடம்புச் சூடுன்னு தோணுது. சூட்டுக்கு முட்டை கட்டாது. நீ ஒண்ணு பண்ணு. மாப்பிள்ளை மோட்டார் சாமான் வாங்க திண்டுக்கல் வாரேன்னு சொன்னாராமே, அவருகிட்ட நீலாவை மட்டும் அட்டைப் பெட்டியில போட்டுக் குடுத்து விடு. நான் மருந்து குடுத்து, தேத்தி, ஒரு மாசத்துல அவரு கையிலயே திருப்பி அனுப்புறேன். ராசு அங்கயே இருக்கட்டும்.

தாராபுரத்துப் பேச்சை எல்லாம் காதுல வாங்காதே. முட்டை வந்துட்டா எல்லார் வாயும் அடைஞ்சிரும்.

அண்ணன்
முத்துக்கிருஷ்ணன்

* * *

தொப்பம்பட்டி
20-6-1986

அண்ணனுக்கு,

முட்டை வந்துச்சு. ஒண்ணு விட்டு ஒரு நாளா நாலு முட்டை. வாய் அடையலை.

முதல் முட்டை அன்னைக்கு இந்த வீட்டைப் பாத்திருக்கணும். அத்தை சந்தோசத்துல நாலு வீட்டுக்கு நாட்டுச் சக்கரை குடுத்தாங்க. "எங்கூட்டுக் குருவி முட்டை வெச்சிருக்குதுங்க"ன்னு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொன்னாங்க. எனக்கும் மனசு நெறைஞ்சு போச்சு, பொய் சொல்லலை. மறுநாள் காலையில நான் பாத்திரம் விளக்கிக்கிட்டு இருந்தேன். அத்தை பக்கத்துல வந்து உக்காந்து, அதே மெல்லிசுக் குரல்ல, "குருவிக்கு வைத்தியம் பாத்தோம், சரியாப் போச்சு. உனக்குந்தான் பாத்தோம்"னாங்க. அம்புட்டுத்தான். எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இம்புட்டு நாளும் அந்தப் பழியை நானும் நீலாவும் பாதிப் பாதி சுமந்தோம். இப்ப முழுசும் எனக்கு. ஆவணியில தாராபுரத்துல இருந்து பேச வாராங்களாம். என்னை வச்சுக்கிட்டே அவளையும் கட்டி வைக்கலாமாம், நான் பெரியவளா கௌரவமா இருக்கலாமாம். அவுக கேட்டுக்கிட்டுச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாக.

இன்னொண்ணு. நீ திருப்பி அனுப்புன இது என் நீலா இல்லை.

நிறம் அதே நிறம்தான். பொட்டு புள்ளி எல்லாம் பாத்துத்தான் எடுத்திருக்கே. ஆனா என் நீலா விரல்ல உக்காரும், இது விரலைக் கடிச்சு ரத்தம் வர வச்சிருச்சு. என் நீலா மணியோட பேசும், இது மணியைத் திரும்பிக்கூடப் பாக்கலை, காலண்டர் தாளைக் கிழிச்சுக் கிழிச்சுச் சட்டிக்குள்ள போடுது. மூக்கு பழுப்பு. ஒரு மாசத்துல மூக்கு நிறம் மாறலாம்னு வச்சுக்குவோம், குணமுமா மாறும்?

ராசு அதுக்கு ஒரு தடவைகூட ஊட்டலை. நீலா உக்கார்ற குச்சியில அந்த முனையில இடம் விட்டு, இந்த முனையில ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. ஆனி வெயில்ல உப்பிப் போய் உக்காந்திருக்கு. நீ எழுதுனதுதானே, பட்டப்பகல்ல உப்புனா நோவுன்னு? இந்தப் புதுசு அடைகாத்து இருபத்தஞ்சு நாளாச்சு. முட்டை ஒண்ணுகூடப் பொரியலை.

என் தலையில அடிச்சுச் சத்தியமா ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ கல்யாணத்துல எனக்குக் குடுத்தது ஜோடியா?

அறிவுச்செல்வி

* * *

திண்டுக்கல்
27-6-1986

அறிவு,

இல்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுதிட்டு ஒரு நாள் முழுக்க லெட்டரைக் கடை டிராயருக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருந்தேன். இன்னைக்கு எடுத்து மிச்சத்தையும் எழுதுறேன்.

முதல்ல நான் வாங்குனது நிசமான ஜோடிதான். பேகம்பூர்ல கிதர் முகம்மது பாய்கிட்ட, ஆறு மாசம் முந்தியே வாங்கி மாடியில வளத்தேன். உன் கல்யாணத்துக்கு யாரும் குடுக்காத பொருளாக் குடுக்கணும்னு ஒரு வீறாப்பு. கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தி பொட்டை உப்பிக்கிட்டு கூண்டுத் தரையில வந்து உக்காந்துச்சு. வாலு மேலயும் கீழயும் ஆடிச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அம்மாகிட்டக் காமிச்சு, "பாருங்கம்மா, கல்யாணக் களை வந்திருச்சு, எப்படிக் கொழுத்திருக்கு"ன்னேன். சொல்லிட்டு ஒலிபெருக்கி கட்டப் போயிட்டேன். முட்டை உள்ளயே சிக்கிருந்திருக்கு. சூடு காட்டியிருந்தாலே வெளிய வந்திருக்கும்னு பாய் அப்புறம் சொன்னாரு. ரெண்டு நாள் அந்த வாயில்லா சீவன் என் கண்ணு முன்னாடியே உக்காந்து செத்துச்சு. குருவி டாக்டர்னு ஊரே கூப்புட்ட பய நான்.

ஓடிப் போய் பாய் கடையில நின்னேன். அவருகிட்டப் பொட்டையே இல்லை, நீல ஆண் ஒண்ணுதான் இருந்துச்சு. அவரு ஒளிக்கலை. "தம்பி, ரெண்டும் ஆணு. மேடையில வச்சுக் குடுக்குறதுக்கு இது வேணாம். பத்து நாள் பொறுங்க, மதுரையில இருந்து பொட்டை வரும், வீட்டுக்கே கொண்டு போய்க் குடுங்க"ன்னு கையைப் பிடிச்சுச் சொன்னாரு. பத்து நாள் கழிச்சுக் குடுத்தா மேடையில யாரு பாப்பா? மூக்கையா எவனாவது பாக்கப் போறான்னு சொல்லிட்டு வாங்கியாந்தேன். ரோஸ் கலர் ரிப்பன் கட்டினேன். என் மைக்குலயே, என் வாயாலயே, "மணமகளின் அண்ணன் வழங்கும் அன்பளிப்பு, காதல் பறவைகள் ஒரு ஜோடி"ன்னு மூணு தடவை சொன்னேன். கை தட்டுனாங்க. அந்தக் கைதட்டுக்குத்தான் அறிவு.

அப்புறமாவது பொட்டை வாங்கியாந்து மாத்திருக்கலாம். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன். உன் வீட்டுக்கு வந்தா கூண்டைப் பாக்கணும். கூண்டைப் பாத்தா உன் முகத்தைப் பாக்கணும். அதுக்குப் பயந்துதான் ஒண்ணரை வருசமா வரலை. மைக் செட் வேலை எல்லாம் சும்மா. உன் முதல் கடுதாசியில அத்தை சொன்னதைப் படிச்சதும் அன்னைக்கே எழுதியிருக்கணும். கடல் நுரை வாங்கச் சொல்லி எழுதினேன். எனக்கே என்னை நினைச்சா கூசுது.

ரெண்டு ஆணு ஒத்தைக் கூண்டுல வேற துணையில்லாம இருந்தா அதுக ரெண்டும் ஒட்டிக்கும், ஊட்டிக்கும், தலையாட்டும். அந்த ஒட்டு பொய்யில்லை. பொய் என்னுது மட்டும்தான். பொட்டை ஆண் சேராமலே முட்டை வைக்கும், அது பொரியாது. இதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன். முட்டை வந்தா போதும், பொரியாததுக்கு ஏதாவது சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அது உன் தலையில வந்து விடியும்னு நினைக்கலை. நினைச்சிருக்கணும்.

நீலா என்கிட்டத்தான் இருக்கு. மணி கட்டி விட்டேன், தட்டுறதில்லை.

உன் காலைத் தொட்டுக் கேக்குறேன், படிச்சதும் இதைக் கிழிச்சு அடுப்புல போட்டுரு. மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். அவரு முன்னாடி என்னால நிமிந்து நிக்க முடியாது.

முத்துக்கிருஷ்ணன்

* * *

தொப்பம்பட்டி
3-7-1986

அண்ணே,

கிழிக்கலை. அடுப்புல போடலை. அவுககிட்டயே குடுத்துப் படிக்கச் சொன்னேன்.

அவுக படிக்கப் படிக்கத் தலை கீழ போயிக்கிட்டே இருந்துச்சு. கோவத்துல உன்னைத் திட்டுவாக, "இப்படியா ஏமாத்துறது"ன்னு குதிப்பாகன்னு காத்துக்கிட்டு இருந்தேன். படிச்சு முடிச்சு லெட்டரை நாலா மடிச்சு, "எனக்குத் தெரியும் அறிவு"ன்னாக.

எப்படி இருக்கும் எனக்கு?

பழனியில தினை வாங்குற கடைக்காரரு போன வருசமே சொல்லிட்டாராம், நீல மூக்கு ரெண்டும் ஆணுன்னு. நீ குடுத்துவிட்ட பெட்டியையும் பஸ்ஸுல திறந்து பாத்தாகளாம். பழுப்பு மூக்கு. இது வேற குருவின்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. அப்படியே கொண்டாந்து என் கையில குடுத்து, "உன் நீலா தேறி வந்திருச்சு"ன்னு சிரிச்சாக. அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுல நிக்குது.

ஏன் சொல்லலைன்னு கேட்டேன். எந்திரிச்சு உள்ள போனாக. அப்புறம் பீரோவைத் திறந்து, சட்டைக்கு அடியில விரிச்ச பேப்பருக்கும் அடியில இருந்து ஒரு சீட்டை எடுத்துக் குடுத்தாக. மதுரை டாக்டரு சீட்டு. போன ஆடியில மோட்டார் வாங்கப் போறேன்னு போனது அதுக்குத்தானாம். குறை அவுக பக்கம்தான். வைத்தியம் பண்ணலாம், நாளாகும்னு எழுதிருக்கு. "குருவி மேலயே எல்லாரும் கண்ணா இருந்தாங்க, என்னை யாரும் பாக்கலை, அப்படியே விட்டுட்டேன்"னு சொல்லி அழுதாக.

"குருவி மேல மட்டுமா, என் மேலயும்ல இருந்துச்சு"ன்னேன்.

பதினோரு மாசம்ணே. பதினோரு மாசமா அந்தச் சீட்டு பீரோவுல இருக்கு, நான் அந்த டாக்டரம்மா முன்னாடி படுத்து எந்திரிச்சுக்கிட்டு இருக்கேன். நீ மைக்குல பொய் சொன்னே, அவுக வாயைத் திறக்காமலே சொன்னாக. எனக்கு வாய்ச்ச ஆம்பளைக ரெண்டு பேரும் நல்லாப் பொருந்திப் போறீங்க. உங்க ரெண்டு பேரையும் ஒரே கூண்டுல போட்டா சண்டையே வராது.

திட்டுறதுக்கு இன்னும் இருக்கு, இன்லண்டுல இடமில்லை.

இப்பக் கேளு. அவுக அத்தைகிட்டச் சொல்ல ஒத்துக்கிட்டாக. ஒத்துக்கிட்டு மூணு நாளாச்சு, இன்னும் சொல்லலை. அத்தை முகத்தைப் பாக்குறதும் குனியுறதுமா இருக்காக. ஒருத்தர் முதல்ல சொன்னாத்தான் இன்னொருத்தருக்கு வாய் வரும். அந்த ஒருத்தர் நீ. நீலாவை எடுத்துக்கிட்டு இங்க வா. பகல்ல வா, வாசல் வழியா வா. அத்தை முன்னாடி நின்னு, எனக்கு எழுதுன அம்புட்டையும் உன் வாயால சொல்லு. தாராபுரத்துக்காரங்க ஆவணி முதல் வாரம் வாராங்க. அதுக்குள்ள நீ வரலைன்னா எனக்கு அண்ணன் இல்லை. இதை நான் கோவத்துல எழுதலை, நல்லா யோசிச்சுத்தான் எழுதுறேன்.

அறிவுச்செல்வி

* * *

திண்டுக்கல்
9-7-1986

அறிவு,

வாரேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலை பஸ்ஸுல வாரேன். அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அம்மா ஒரு வார்த்தை திட்டலை. "அன்னைக்கு உப்பிக்கிட்டு உக்காந்திருந்துச்சே, அப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சுடா"ன்னாக. அதுக்கு மேல கேக்க முடியாம மாடிக்குப் போயிட்டேன்.

மாப்பிள்ளையை நினைச்சுக் கோவப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அன்னைக்குப் பெட்டியை அவரு கையில குடுத்தப்ப, ஆளை ஏமாத்திட்டோம்னு உள்ளுக்குள்ள சிரிச்சேன். அவரும் என்னைப் பாத்துச் சிரிச்சாரு.

உங்க அத்தை முன்னாடி என்ன சொல்லி ஆரம்பிக்கணும்னு ஒத்திகை பாத்தேன். மைக்குல ஆயிரம் பேரு முன்னாடி பேசுறவனுக்கு ஒரு வார்த்தை வரலை. என்னைப் பாத்ததும் என்ன சொல்லுவாங்களோ. அவங்க சத்தம் போட்டுத் திட்டுனா நல்லாருக்கும். போட மாட்டாங்கன்னு நீதான் எழுதிருக்கே.

ஆனாலும் வாரேன்.

முத்து

* * *

(அஞ்சல் அட்டை, முதலாவது)

தொப்பம்பட்டி
21-7-1986

அண்ணே,

கார்டுல எழுதுறேன்னு பாக்குறியா? போஸ்ட்மேன் படிக்கட்டும், உன் கடைக்கு வாரவங்க படிக்கட்டும். பொடி எழுத்துல ரெண்டு கார்டு எழுதிருக்கேன்.

நீ அன்னைக்குச் சாப்பிடாம பஸ் ஏறிட்ட. போட்ட இலை அப்படியே கிடந்துச்சு. நீ கையைக் கட்டிக்கிட்டு, உடம்பை இறுக்கி, குச்சி மாதிரி விறைச்சு நின்னு சொன்னே பாரு, அதுக்கு என்ன அர்த்தம்னு நீ எனக்கு எழுதிருக்கே. அதான் நான் பக்கத்துல வரலை. ஆனா நீ சொல்லி முடிச்ச உடனே அவுக சொன்னாக. அதுக்குத்தான் நீ வேணும்னேன்.

நீ போன மூணாம் நாள் அத்தை தாராபுரத்துக்கு ஆள் விட்டு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மஞ்சப் பையில இருந்த என் டாக்டர் சீட்டை எடுத்து என் கையில குடுத்தாங்க. "இதெ நான் அப்பவே நம்பியிருக்கோணும் அம்மிணி"ன்னாங்க. அம்புட்டுத்தான். கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு, திரும்பிக்கிட்டாங்க. அடுத்த வாரம் நானும் அவுகளும் சேந்தே மதுரைக்குப் போறோம்.

(இரண்டாவது)

நீலாவைக் கூண்டுல விட்டப்ப நீ பாக்காம ஓடிட்டே. ராசு முதல்ல நம்பலை. கழுத்தை நீட்டி நீட்டிப் பாத்துச்சு. அப்புறம் தலையாட்ட ஆரம்பிச்சதுதான், இன்னைக்கு வரைக்கும் நிக்கலை. ரெண்டும் ஒத்தைக் கால்ல நின்னு மூக்கை அரைக்குதுக. அத்தை அந்தச் சட்டியை அவுத்து எடுத்து, பொரியாத முட்டையைத் தோட்டத்துல புதைச்சுட்டு, சட்டியில பச்சைமிளகா நாத்து வச்சிருக்காங்க. பழுப்பு மூக்குக்காரி யுவராணி வீட்டுக்குப் போயாச்சு. அங்க ஒரு பிள்ளைக் கையைக் கடிச்சாளாம்.

உன்மேல கோவம் தீந்துச்சான்னு கேட்டா, இல்லை. தீருறப்ப எழுதுறேன். நீயும் வெக்கத்தை ஒரேடியா விட்டுறாதே, கொஞ்சம் கையில வச்சுக்கோ.

யுவராணி தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம். லவ் பேர்ட்ஸ் குடுக்கணுமாம், உன்கிட்டச் சொல்லி வாங்கித் தரச் சொன்னா. அத்தை பக்கத்துலதான் இருந்தாங்க. "வாங்கு புள்ள, நல்லா வாங்கு. திண்டுக்கல் தம்பிகிட்ட வாங்குனா மூக்கைப் பாத்து வாங்கோணும்"னாங்க. சத்தமாச் சொன்னாங்கண்ணே. தெருவே சிரிச்சுச்சு.

நல்ல ஜோடியாப் பாத்து நீயே எடுத்துக்கிட்டு வா. பதிலை நீயும் கார்டுலயே போடு.

அறிவு